ஐந்து அட்சரேகைகளுக்கும் இரண்டு தீர்க்கரேகைகளுக்கும் மட்டும் ஏன் பெயர்?

நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது: நிலநடுக்கோடு 0, கடகரேகையும் மகரரேகையும் 23½, ஆர்க்டிக், அண்டார்க்டிக் வட்டங்கள் 66½, கிரீன்விச் 0, தேதிக்கோடு 180 என்று எண்களெல்லாம் மனப்பாடமாகத் தெரிகின்றன, ஆனால் நூற்றுக்கணக்கான கோடுகளில் இந்த ஏழுக்கு மட்டும் ஏன் பெயர், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, இவை உண்மையில் பூமியில் இருக்கின்றனவா, செல்போன் காட்டும் ஆயத்தொலைவுகளை (ஓர் இடத்தைக் குறிக்கும் அட்ச, தீர்க்க எண்களை) எந்த அளவுக்கு நம்பலாம்? இவற்றில் மூன்றாவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல். "இவை கற்பனைக் கோடுகள்" என்று பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏழும் ஒரே வகையான கற்பனை அல்ல. ஐந்து அட்சரேகைகளையும் பூமியின் சுழற்சியும் சூரியனும் சேர்ந்து தீர்மானித்தன. மனிதர்களே தோன்றியிராவிட்டாலும் அவை அதே இடத்தில்தான் இருந்திருக்கும். இரண்டு தீர்க்கரேகைகளை மனிதர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வேறு இடத்திலும் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

நான் புவி அளவையியல் படித்து, நில அளவையிலும் வரைபடப் பணியிலும் பல ஆண்டுகள் இருந்தவன். கோணம், தூரம், நேரம் பற்றிக் கீழே சொல்பவை என் தொழிலுக்குள் அடங்கியவை. தட்பவெப்பம் என் துறை அல்ல. அது குறுக்கிடும் இடத்தில் பரவலாக ஏற்கப்பட்டதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பூமி சுழல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். சுழலும் எந்த உருண்டையிலும் இரண்டு புள்ளிகள் தனித்து நின்றுவிடும். பம்பரத்தின் உடல் முழுவதும் வட்டமடிக்க, ஆணியின் முனை மட்டும் இடம் மாறாமல் நிற்பதுபோல, பூமியில் வட துருவமும் தென் துருவமும் நிற்கின்றன. இந்த இரண்டிலிருந்தும் சம தூரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்தால் ஒரே ஒரு வட்டம்தான் கிடைக்கும். அதுதான் நிலநடுக்கோடு. அதன் தளத்திலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனை டிகிரி விலகியிருக்கிறோம் என்பதே அட்சம். இதை வானத்திலேயே படிக்கலாம். வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சம். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம், அந்த நட்சத்திரம் சரியாக வானத் துருவத்தில் இல்லை. இப்போது அரை டிகிரிக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கிறது.

நிலநடுக்கோடு வெறும் வடிவியல் வட்டம் மட்டுமல்ல. பூமியின் உடலிலேயே அதன் தடம் இருக்கிறது. சுழற்சியின் விளைவாக பூமி நடுவில் சற்றே புடைத்திருக்கிறது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்குள்ள தூரம் 6,378 கிலோமீட்டர், துருவத்துக்கு 6,357 கிலோமீட்டர். நியூட்டன் இதைக் கணக்கிட்டுச் சொன்னபோது, பிரான்சின் காசினி குடும்பத்து வானியலாளர்கள் பூமி துருவங்களின் பக்கம் நீண்டிருக்கிறது என்று மறுத்தார்கள். சண்டையைத் தீர்க்க பிரெஞ்சு அறிவியல் அகாடமி 1735இல் ஒரு குழுவை இன்றைய ஈக்வடார் பகுதிக்கும், 1736இல் இன்னொரு குழுவை ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள லாப்லாந்துக்கும் அனுப்பியது. இரண்டு குழுவும் செய்த வேலை ஒன்றே: அட்சத்தில் ஒரு டிகிரி மாறுவதற்குத் தரையில் எவ்வளவு தூரம் போகவேண்டியிருக்கிறது என்று அளந்தார்கள். வடக்கே அந்தத் தூரம் கூடுதலாக இருந்தது. துருவப் பகுதி தட்டையாக இருந்தால்தான் அப்படி வரும். இன்றைய அளவில் நிலநடுக்கோட்டருகே ஒரு டிகிரி 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். இவ்வளவு சிறிய வேறுபாட்டை மலைகளுக்கு நடுவே கருவிகளைச் சுமந்துசென்று கண்டுபிடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள் மீது மதிப்பு கூடுகிறது.

அந்தப் புடைப்பு வேறு விதங்களிலும் தெரியும். புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் 9.78 மீ/நொடி², துருவத்தில் 9.83 மீ/நொடி². பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் சிகரம் எவரெஸ்ட் அல்ல. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி தெற்கில் உள்ள ஈக்வடாரின் சிம்பொராசோ. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,263 மீட்டர்தான் என்றாலும், புடைப்பின்மேல் நிற்பதால் மையத்திலிருந்து எவரெஸ்ட்டைவிட ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கூடுதல் தொலைவில் இருக்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ராக்கெட் ஏவுதளங்கள் முடிந்தவரை அதற்கு அருகில் அமைக்கப்படுவது இதனால்தான். ஆனால் கோட்டின் இருபுறமும் தொட்டியில் நீரை ஊற்றி, அது எதிரெதிர்த் திசைகளில் சுழன்று இறங்குவதாகச் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்து காட்டுவார்களே, அதை நம்ப வேண்டாம். நகரும் காற்றையும் நீரையும் பக்கவாட்டில் திருப்பும், சுழற்சியால் வரும் கோரியாலிஸ் விளைவு புயலின் அளவில் மிகப் பெரியது. கைத்தொட்டியின் அளவில் அது கண்டுகொள்ள முடியாத அளவு சிறியது. அங்கே நீரின் திசையைத் தீர்மானிப்பவை தொட்டியின் வடிவமும் ஊற்றிய விதமும்தான்.

அடுத்து 23½. பூமியின் சுழல் அச்சு, அது சூரியனைச் சுற்றும் தளத்துக்குச் செங்குத்தாக இல்லை. இப்போது 23 டிகிரி 26 நிமிடம் சாய்ந்திருக்கிறது. (இங்கே நிமிடம் என்பது டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு.) இந்தச் சாய்வால் ஆண்டு முழுவதும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அட்சம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் நிலநடுக்கோட்டுக்கு மேலே; ஜூன் 21ஐ ஒட்டி வடக்கே 23 டிகிரி 26 நிமிடத்துக்கு மேலே; டிசம்பர் 21ஐ ஒட்டி தெற்கே அதே அளவுக்கு. அதற்கு அப்பால் போகாமல் திரும்பிவிடுகிறது. அது திரும்பும் அந்த இரண்டு எல்லைகளே கடகரேகையும் மகரரேகையும். இரண்டுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு நிழல் இருக்காது. கோட்டின் மேலேயே இருப்பவர்களுக்கு ஒரு நாள். வெளியே இருப்பவர்களுக்கு ஒருநாளும் இல்லை.

66½ஐத் தனியாக மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. அது இதே எண்ணின் மறுபக்கம். ஜூன் மாதத்து அந்த நாளை மனத்தில் வரைந்து பாருங்கள். சூரியன் கடகரேகையின் ஒரு புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து எத்திசையிலும் 90 டிகிரி தூரம்வரை பகல். வடக்கே நடக்கத் தொடங்கினால் துருவத்தை அடையவே 66 டிகிரி 34 நிமிடம்தான் ஆகிறது. மிச்சம் 23 டிகிரி 26 நிமிடம் கையில் இருக்கிறது. ஆகவே வெளிச்சம் துருவத்தைத் தாண்டி மறுபக்கத்திலும் அவ்வளவு தூரம் இறங்குகிறது. துருவத்தைச் சுற்றி அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், பூமி எப்படிச் சுழன்றாலும் அதற்குள் இருப்பவர்கள் அன்று இருட்டுக்குள் போகவே முடியாது. அந்த வட்டத்தின் விளிம்புதான் ஆர்க்டிக் வட்டம்; அதன் அட்சம் 66 டிகிரி 34 நிமிடம். தெற்கே நடந்தால் 90 டிகிரி தெற்கு 66 டிகிரி 34 நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அன்று முழுவதும் சூரியன் எழாது. அது அண்டார்க்டிக் வட்டம். நான்கு கோடுகளும் ஒரே ஒரு சாய்விலிருந்து பிறந்தவை. சாய்வு இல்லாமலிருந்தால் கடகமும் மகரமும் நிலநடுக்கோட்டோடு ஒன்றிவிடும், துருவ வட்டங்கள் துருவப் புள்ளிகளுக்குள் சுருங்கிவிடும். செவ்வாய்க் கோளின் சாய்வு ஏறத்தாழ 25.2 டிகிரி, அங்கே இதே கோடுகள் 25.2இலும் 64.8இலும் இருக்கின்றன, பார்க்க ஆள் இல்லாமலேயே.

இங்கே இரண்டு திருத்தங்கள் சொல்ல வேண்டும். முதலாவது, 23½ என்பது வசதிக்காக முழுமையாக்கிய எண். உண்மை மதிப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு தரையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பள்ளித் தேர்வுக்கு அது பொருட்டல்ல. கோட்டின் மேல் நினைவுத்தூண் நடுபவருக்குப் பொருட்டு. இரண்டாவது, மேலே சொன்ன வடிவியல் சூரியனை ஒரு புள்ளியாகவும், காற்றே இல்லாததாகவும் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத்துச் சூரியன் அரை டிகிரிக்கும் மேலாக உயர்ந்து தெரிகிறது. அதன் வட்டுக்கும் ஓர் அகலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, நள்ளிரவுச் சூரியனை ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர்வரை பார்க்க முடிகிறது. இதே காரணத்தால்தான் சம இரவு பகல் நாள் என்று சொல்லப்படும் நாட்களில் பகலும் இரவும் சரியாகச் சமமாக இருப்பதில்லை. நிலநடுக்கோட்டிலேயே பகல் சில நிமிடங்கள் நீளமாகத்தான் இருக்கும்.

இந்தக் கோடுகள் நகருமா என்றால், நகர்கின்றன. அச்சின் சாய்வு ஏறத்தாழ 41,000 ஆண்டுச் சுழற்சியில், சுமார் 22.1 டிகிரிக்கும் 24.5 டிகிரிக்கும் இடையே ஊசலாடுகிறது. இப்போது அது குறைந்துவரும் காலம். ஆகவே கடகரேகையும் மகரரேகையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 முதல் 15 மீட்டர் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்கின்றன. துருவ வட்டங்கள் அதே வேகத்தில் துருவங்களை நோக்கிச் சுருங்குகின்றன. இது சராசரி வேகம். நிலவின் ஈர்ப்பால் அச்சு 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சற்றே தலையாட்டுவதால், சில ஆண்டுகளில் கோடு எதிர்த்திசையிலும் போகும். இதெல்லாம் கணக்கிட்டும் அளந்தும் உறுதி செய்யப்பட்டவை.

உறுதியில்லாமல் உறுதிபோலச் சொல்லப்படும் ஒன்றையும் பார்த்துவிடுவோம். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வெப்ப மண்டலம், துருவ வட்டம்வரை மித வெப்ப மண்டலம், அதற்கு அப்பால் குளிர் மண்டலம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டுவார்கள். சூரிய ஒளி விழும் கோணத்துக்கு அந்தப் பிரிவு சரி. காலநிலைக்கு அது மேலோட்டமான வழிகாட்டி மட்டுமே. நிலநடுக்கோட்டருகே எழும் காற்று ஏறத்தாழ 30 டிகிரி அட்சங்களில் உலர்ந்து கீழிறங்குவதால், கடக, மகர ரேகைகளை ஒட்டி சஹாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியப் பாலைவனங்கள் அமைந்திருக்கின்றன. அதே கடகரேகைதான் மழை கொட்டும் வங்கதேசத்தையும் தைவானையும் கடந்து போகிறது. உயரம், கடல் நீரோட்டம், பருவக்காற்று ஆகியவை அட்சத்தை எளிதில் மீறிவிடும். கோட்டைப் பார்த்து மட்டும் ஓர் இடத்தின் வெயிலையும் மழையையும் சொல்லிவிட முடியாது.

கடகரேகையோடு சேர்த்து எல்லோரும் சொல்லும் எரட்டோஸ்தனீஸ் கதையையும் இதே கண்ணால் பார்க்கலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் இருந்த கிரேக்க அறிஞரான அவர், சியேனே என்ற இன்றைய அஸ்வானில் கோடைத் திருப்ப நாளின் (சூரியன் வடக்கெல்லையைத் தொடும் ஜூன் நாளின்) நண்பகலில் நிழல் விழுவதில்லை என்பதையும், அதே வேளையில் அலெக்சாண்டிரியாவில் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு கோணத்தில் விழுகிறது என்பதையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். இரு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அன்றைய கிரேக்க நீள அளவு) என்றால் முழுச் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். கருத்து மாசற்றது, இன்றும் நாங்கள் அளப்பது அடிப்படையில் அதே முறைதான். ஆனால் "அவர் கணக்கு ஒரு சதவீதப் பிழைக்குள் இருந்தது" என்பதை அப்படியே ஏற்க முடியாது. அவருடைய சொந்த நூல் அழிந்துவிட்டது; கிளியோமிடிஸ் போன்ற பிற்காலத்தவர் எழுதியதே நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பயன்படுத்திய ஸ்டேடியத்தின் நீளம் எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எந்த நீளத்தை எடுத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்துப் பிழையும் மாறும். அஸ்வான் சரியாகக் கடகரேகையில் இல்லை, அன்றும் இருக்கவில்லை, சற்று வடக்கே இருந்தது. அலெக்சாண்டிரியா அதற்கு நேர் வடக்கிலும் இல்லை. ஏறத்தாழ மூன்று டிகிரி மேற்கே விலகியிருக்கிறது. அவர் பெருமை எண்ணின் துல்லியத்தில் இல்லை, ஒரு நிழலை வைத்து முழு உருண்டையையும் அளக்கலாம் என்று கண்டதில் இருக்கிறது.

இனி தீர்க்கரேகை. இங்கே நிலைமை தலைகீழ். அட்சரேகை வட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு. நிலநடுக்கோடு மட்டும் பெரியது, அதனால் தானாகவே பூஜ்ஜியமாகிவிடுகிறது. தீர்க்கரேகைகளோ துருவத்திலிருந்து துருவம்வரை செல்லும் அரை வட்டங்கள். எல்லாம் ஒரே நீளம், ஒரே வடிவம். சூரியன் ஒரு நாளில் எல்லாவற்றுக்கும் மேலே ஒருமுறை கடந்து போகிறது, எதையும் தனித்துக் காட்டுவதில்லை. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு இயற்கையில் விடையே கிடையாது. செவ்வாயிலும் இதே கதைதான்: அங்கே துருவமும் நடுக்கோடும் இயற்கையாகவே இருந்தன, பூஜ்ஜியத் தீர்க்கரேகைக்காக மட்டும் வானியலாளர்கள் ஏரி-0 (Airy-0) என்ற சிறு பள்ளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

எண்ணத் தொடங்கும் இடம் தெரிந்தாலும், தீர்க்கத்தை, அதாவது அந்த இடத்திலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை டிகிரி விலகியிருக்கிறோம் என்பதை, கண்டுபிடிப்பது அட்சத்தைக் கண்டுபிடிப்பதுபோல எளிதல்ல. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது. மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். ஆகவே தீர்க்கம் என்பது நேர வேறுபாடு. நீங்கள் இருக்கும் இடத்தில் நண்பகல் ஆகும்போது தொடக்க இடத்தில் மணி என்ன என்று தெரிந்தால் போதும். கரையில் அதை வானியல் நிகழ்வுகளைக் கொண்டு அறியலாம். ஆடும் கப்பலில் மாதக்கணக்காகத் தவறாத கடிகாரம் வேண்டும். நிலநடுக்கோட்டருகே கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் கப்பலின் இடம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் பிசகும். 1707இல் இங்கிலாந்துக்குத் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் மோதி மூழ்கின. தீர்க்கம் தெரியாததே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எஞ்சிய கப்பல் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள் அட்சக் கணக்கிலும் பெரிய பிழைகள் இருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். எப்படியானாலும் 1714இல் பிரிட்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அரை டிகிரிக்குள் தீர்க்கத்தைக் கண்டுபிடிக்கும் வழிக்கு 20,000 பவுண்டு பரிசு அறிவித்தது. தச்சரின் மகனாகப் பிறந்த ஜான் ஹாரிசன் வாழ்நாள் முழுவதும் உழைத்துச் செய்த நான்காவது கடிகாரம் 1761–62இல் ஜமைக்காவுக்குப் பயணம் செய்து, சில நொடிகளே பிசகியது. பரிசுப் பணத்தை முழுமையாகப் பெற அவர் இன்னும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது என்பது இந்த வரலாற்றின் வருத்தமான பக்கம்.

கிரீன்விச் ஏன் என்பதற்கும் விடை கடலில்தான் இருக்கிறது. பண்டைய வானியலாளர் தாலமி, ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கானரித் தீவுகளிலிருந்து எண்ணினார். இந்திய வானியல் நூல்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டை அடிப்படையாகக் கொண்டன. பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாரிஸ். பல நாடுகள் தங்கள் தங்கள் ஆய்வுக்கூடத்தையே தொடக்கமாக வைத்திருந்தன. கிரீன்விச் வானாய்வகத்தின் நெவில் மாஸ்கலின் 1767ஆம் ஆண்டுக்கான கடல்வழிப் பஞ்சாங்கத்தை கிரீன்விச் நேரத்தில் கணக்கிட்டு வெளியிடத் தொடங்கினார். அதைப் பயன்படுத்திய மாலுமிகள் கிரீன்விச்சிலிருந்தே எண்ணினார்கள்; கடல் வரைபடங்களும் அதைப் பின்பற்றின. 1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடியபோது உலகக் கப்பல் போக்குவரத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கிரீன்விச்சிலிருந்துதான் தீர்க்கத்தை எண்ணிக்கொண்டிருந்தது. 22 நாடுகள் ஆதரித்தன, சான் டொமிங்கோ (இன்றைய டொமினிக்கன் குடியரசு) எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. 1911இல் பிரான்ஸ் கிரீன்விச் நேரத்தை ஏற்றபோதும், சட்டத்தில் அதை "பாரிஸ் சராசரி நேரத்துக்கு 9 நிமிடம் 21 நொடி பின்" என்றுதான் எழுதியது.

அன்று தேர்ந்தெடுத்தது, கிரீன்விச் வானியலாளர் ஜார்ஜ் ஏரி (George Airy) அமைத்த தொலைநோக்கியின் நடுவே செல்லும் கோடு. (செவ்வாய்ப் பள்ளத்துக்கு வைத்ததும் அவர் பெயரைத்தான்.) இன்று கிரீன்விச்சுக்குப் போய், அதைக் காட்டத் தரையில் பதித்த பித்தளைக் கோட்டின் மேல் செல்போனை வைத்தால் பூஜ்ஜியம் காட்டாது. செயற்கைக்கோள் முறையின் பூஜ்ஜியம் அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே போகிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஏரியின் கருவி அந்த இடத்துத் தூக்குநூல் (எடை கட்டித் தொங்கவிட்ட நூல்) காட்டும் செங்குத்தை நம்பி அமைக்கப்பட்டது. பூமிக்குள் நிறை சீராகப் பரவாததால் தூக்குநூல் அங்கே மிகச் சிறிதளவு சாய்கிறது. செயற்கைக்கோள்கள் பூமியின் நிறை மையத்தைச் சுற்றுவதால் அந்தச் சாய்வு அவற்றைப் பாதிப்பதில்லை. ஈக்வடாரில் பிரெஞ்சுக் குழுவின் நினைவாக எழுப்பிய நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னமும் இன்றைய கணக்கில் கோட்டிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது.

180 டிகிரி, பூஜ்ஜியத்தின் மறுபக்கம். கிழக்கே போய் எண்ணினால் 12 மணி முன்னே, மேற்கே போய் எண்ணினால் 12 மணி பின்னே. இரண்டு கணக்கும் அங்கே சந்திப்பதால் ஒரு முழு நாள் இடிக்கிறது. மெகல்லன் தொடங்கிய பயணத்தை முடித்துக்கொண்டு 1522இல் கேப் வெர்டே தீவுகளுக்கு வந்த மாலுமிகள் முதன்முதலில் இதில் இடறினார்கள். ஒரு நாள்கூட விடாமல் எழுதிய அவர்கள் குறிப்பேட்டில் அன்று புதன். கரையில் இருந்தவர்களுக்கு வியாழன். மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் அவர்களுக்கு ஒரு சூரிய உதயம் குறைந்துபோயிருந்தது. இந்த ஒரு நாளை எங்காவது ஓரிடத்தில் ஈடுகட்ட வேண்டும். பெரும்பாலும் கடல்மீது செல்வதால் 180 டிகிரி அதற்கு வசதியாக அமைந்தது. ஆனால் தேதிக்கோட்டை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தம் எதுவும் இல்லை. 1884 மாநாடும் அதை வரையவில்லை. ஒவ்வொரு நாடும் தன் தேதியைத் தானே முடிவு செய்கிறது. அந்த முடிவுகளை இணைத்து வரைந்தால் கிடைக்கும் வளைந்த கோட்டைத்தான் வரைபடத்தில் பார்க்கிறோம். அமெரிக்கா 1867இல் அலாஸ்காவை வாங்கியதும் அந்தப் பகுதி கோட்டின் மறுபக்கம் போனது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு வணிகம் எளிதாக வேண்டும் என்று சமோவா 2011 டிசம்பர் 30ஆம் தேதியையே விட்டுவிட்டு, 29க்கு மறுநாள் 31 என்று வைத்துக்கொண்டது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி 1995இன் தொடக்கத்தில் தன் கிழக்குத் தீவுகளையும் மற்றத் தீவுகளின் தேதிக்குக் கொண்டுவந்ததால் கோடு கிழக்கே வெகுதூரம் துருத்திக்கொண்டு நிற்கிறது. விளைவைப் பாருங்கள்: கிரிபாட்டியின் கிரித்திமாத்தி தீவும் ஹவாயின் ஹொனலுலுவும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, கடிகாரத்தில் மணியும் ஒன்றே, தேதி மட்டும் ஒரு நாள் வேறு. பெயர் பெற்ற ஏழு கோடுகளில் "கற்பனைக் கோடு" என்ற பெயர் முழுமையாகப் பொருந்துவது இந்த ஒன்றுக்குத்தான்.

கடைசியாகச் செல்போன். அது காட்டும் இரண்டு எண்களில் பொதுவாக முதலில் வருவது அட்சம், அடுத்தது தீர்க்கம். தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு வரும். அட்சத்தில் ஒரு டிகிரி எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கம் ஏறத்தாழ 111 மீட்டரையும், ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டரையும் குறிக்கும். தீர்க்கத்தில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால், நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு டிகிரி 60 டிகிரி அட்சத்தில் பாதியாகி, துருவத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. திறந்த வெளியில் சாதாரணச் செல்போனின் பிழை சில மீட்டர். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இன்னும் அதிகம். எனவே ஐந்து இலக்கத்துக்கு மேல் அது காட்டுபவை வெறும் அலங்காரம். எல்லைக்கல் நடுவதற்கோ நிலத் தகராறைத் தீர்ப்பதற்கோ அந்த எண்ணை ஆதாரமாக வைக்காதீர்கள். அதற்கு அளவையாளரின் கருவி வேண்டும். அந்தக் கருவியோடு வரும் எண்ணிலும், எந்த ஆண்டின் எந்த அடிப்படை முறையில் அளந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டங்களே நகர்வதால் இது தேவைப்படுகிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கொண்டிருப்பதால், 1994ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட முறையிலிருந்து 2020ஐ அடிப்படையாகக் கொண்ட முறைக்கு மாறியபோது அந்த நாட்டின் ஒவ்வோர் இடத்தின் ஆயத்தொலைவையும் ஏறத்தாழ 1.8 மீட்டர் மாற்ற வேண்டியிருந்தது.